மனோரா: யாருடைய வெற்றி, யாருடைய நினைவு?

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகத் தெற்கே போனால், மல்லிப்பட்டினம் மீன்பிடித் துறைக்கு அருகில் சரபேந்திரராசன்பட்டினம் என்ற கடற்கரை ஊர் வருகிறது. அங்கே கடலைப் பார்த்தபடி ஆறு பட்டையாக, எட்டு நிலைகளோடு ஒரு கோபுரம் நிற்கிறது. உயரம் சுமார் 75 அடி. சுற்றிலும் மதிலும் அகழியும் உண்டு. உள்ளே சுழல்படிக்கட்டு, நிலைதோறும் வளைவுச் சாளரங்கள். பாக் நீரிணையில் வரும் கப்பல்களை அதன் மேலிருந்து பார்க்கலாம். கலங்கரை விளக்கமாகவும் அது பயன்பட்டது. மினார் என்ற சொல் ஊர் வாயில் மருவி மனோரா ஆயிற்று. 2004 ஆழிப்பேரலையில் சேதமடைந்து, பிறகு செப்பனிடப்பட்டது.

இதைக் கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி. அவர் எந்தப் போரிலும் வென்றதற்காகக் கட்டவில்லை. ஐரோப்பாவில் ஆங்கிலேயர் நெப்போலியனை வீழ்த்தியதற்காகக் கட்டினார். ஆங்கிலம், தமிழ், மராத்தி உள்ளிட்ட மொழிகளில் பதித்த கல்வெட்டுகள் சரபோஜியை ஆங்கிலேய இனத்தின் நண்பர், கூட்டாளி என்று அறிமுகப்படுத்துகின்றன. பிரிட்டிஷ் படைகளின் வெற்றியையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர இத்தூண் எழுப்பப்பட்டது என்கின்றன. கல்வெட்டு குறிக்கும் ஆண்டு 1814.

இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். மனோரா வாட்டர்லூ வெற்றியின் சின்னம் என்று பலரும் எழுதுகிறார்கள். வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூனில். 1814 ஏப்ரலில் நெப்போலியன் முடிதுறந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டதைத்தான் இந்தக் கல் கொண்டாடுகிறது. மறு ஆண்டே அவர் தப்பி வந்து மீண்டும் பாரிசைப் பிடித்தார். போர் முடிந்துவிட்டது என்று கல்லில் வெட்டிய பிறகும் போர் நடந்தது. வெற்றிச் சின்னங்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு மனோரா தன் உடம்பிலேயே சான்று வைத்திருக்கிறது.

படை இல்லாத அரசரின் போர்ச் சின்னம்

சரபோஜி 1777இல் பிறந்தவர். 1787இல் துளஜா மன்னர் இறக்கும் தறுவாயில் அவரைத் தத்தெடுத்தார். துளஜாவின் சகோதரர் அமரசிங் அரசைக் கைப்பற்றிக்கொண்டார். அவருடைய ஆட்சியில் சிறுவன் சரபோஜியும், துளஜாவின் விதவை ராணிகளும் துன்பப்பட்டார்கள். ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் தலையிட்டு, 1793இல் அவர்களைச் சென்னைக்கு அழைத்துப் போக வழி செய்தார். பாடநூல்களில் இது சுவார்ட்ஸுக்கும் சரபோஜிக்கும் இடையிலான குரு சீட உறவின் கதையாகவே வருகிறது. அந்த வண்டிகளில் அரசிகளும் போனார்கள் என்பதும், தத்து செல்லுமா செல்லாதா என்ற வழக்கில் அந்த விதவைகளின் வாழ்வும் தொங்கிக்கொண்டிருந்தது என்பதும் அரை வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றன.

1798இல் கம்பெனி சரபோஜியை அரியணையில் அமர்த்தியது. விலையை மறு ஆண்டே வாங்கிக்கொண்டது. 1799 அக்டோபர் உடன்படிக்கையின்படி தஞ்சை நாட்டின் ஆட்சி கம்பெனிக்குப் போனது. மன்னருக்குக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சின. போர் தொடுக்கவோ உடன்படிக்கை செய்யவோ அவரிடம் அதிகாரம் இல்லை. அப்படிப்பட்டவர் பல்லாயிரம் மைல் தொலைவில் வேறொருவர் வென்ற போருக்குக் கோபுரம் எழுப்புகிறார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர், கண் நோய்க்குச் சிகிச்சை செய்து குறிப்பெழுதி வைத்தவர், பள்ளிகள் நடத்தியவர் என்று சரபோஜிக்குப் பல பெருமைகள் உண்டு. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் மனோராவை நான் ஒரு விசுவாசக் கடிதமாகத்தான் படிக்கிறேன். தபாலில் போகாமல் கடற்கரையில் நின்றுவிட்ட கடிதம்.

அந்தப் போர் நமக்குத் தொடர்பில்லாததும் அல்ல. 1810இல் மொரீஷியசையும், 1811இல் ஜாவாவையும் பிரெஞ்சுப் பிடியிலிருந்து கம்பெனி கைப்பற்றியபோது சென்னைப் படைப்பிரிவுகளும் கப்பலேறின. நெப்போலியப் போர்களின் ஒரு முனை இந்தியப் பெருங்கடலில் இருந்தது. அதில் நம் ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் இருந்தார்கள். அவர்கள் போன பிறகு வயலையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். கல்வெட்டில் மன்னர் இருக்கிறார், ஆங்கிலேயர் இருக்கிறார்கள், தோற்ற போனபார்ட்டும் இருக்கிறார். சிப்பாய் இல்லை. சிப்பாயின் மனைவிக்கு அங்கே இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவே முடியாது.

எங்கள் பக்கத்துக் கோபுரம்

நான் வல்லத்துக்காரி. தஞ்சாவூரை ஒட்டி ஒரு வல்லம் இருக்கிறது, அது அல்ல. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே உள்ள வல்லம். எங்கள் பக்கத்தில் போர் என்றால் தேசிங்கு ராஜா, கோட்டை என்றால் செஞ்சி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியரின் கோட்டைத் தொகுதியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சிதான்.

செஞ்சியிலும் எட்டு நிலைக் கோபுரம் ஒன்று உண்டு. கல்யாண மகால் என்று பெயர். நடுவே சதுரக் கோபுரம், அதைச் சுற்றி முற்றம், முற்றத்தைச் சுற்றி அறைகள். கோட்டைத் தலைவரின் குடும்பப் பெண்கள் இருந்த இடம் என்கிறார்கள். சுடுமண் குழாய் வழியாக மேல் நிலைகளுக்குத் தண்ணீர் ஏற்றும் ஏற்பாடு இருந்ததைச் சுற்றுலா வருபவர்களிடம் வியந்து சொல்வார்கள். தண்ணீர் மேலே போன அளவுக்கு, அங்கிருந்த பெண்கள் வெளியே போக முடிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. மனோராவில் ஏறிக் கடலைப் பார்ப்பது காவல். கல்யாண மகாலில் ஏறி மலையைப் பார்ப்பது காவலுக்குள் இருப்பவள் செய்யக்கூடிய ஒன்று. இரண்டும் எட்டு நிலைதான், உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தேசிங்கின் கதையைத் தமிழ்நாடு அறியும். முகலாயர் செஞ்சியைப் பிடித்த பிறகு அங்கே பொறுப்பில் இருந்த புந்தேல ராஜபுத்திரர் சுவரூப் சிங். அவருடைய மகன் தேஜ் சிங். அந்தப் பெயர்தான் நம் வாயில் தேசிங்கு ஆனது. தந்தைக்குப் பின் கோட்டை தனக்கே என்றார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையெடுத்து வந்தார். 1714இல் தேசிங்கு போரில் இறந்தார். அப்போது வயது இருபத்திரண்டு என்று கதை சொல்லும். அவருடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். அதைக் கண்டு நெகிழ்ந்த நவாப், அவர் நினைவாகப் பாலாற்றங்கரையில் ஓர் ஊருக்கு ராணிப்பேட்டை என்று பெயர் வைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

இன்று ராணிப்பேட்டை ஒரு மாவட்டத் தலைநகர். ஒரு பெண்ணின் நினைவில் நகரமே இருக்கிறது என்று பெருமைப்படலாம். ஆனால் அந்தப் பெயரை இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். அதில் அவள் பெயர் இல்லை. ராணி என்பது அவள் கணவனால் அவளுக்கு வந்த பதவி. கதைப்பாடலிலும் அவள் ராணிபாய்தான். அவள் என்ன நினைத்தாள், என்ன படித்தாள், எந்த ஊர் சோற்றுக்கு ஏங்கினாள் என்று நமக்கு ஒன்றும் தெரியாது. எரிந்தாள் என்பது மட்டும் தெரியும். எரியாமல் இருந்திருந்தால் அவள் பெயரில் ஊர் இருந்திருக்குமா?

இது செஞ்சிக்கு மட்டும் உரியது அல்ல. மேவாரின் ராணா கும்பா தன் வெற்றிக்காகச் சித்தூர்க் கோட்டையில் எழுப்பிய ஒன்பது நிலைக் கற்கோபுரம், விஜய ஸ்தம்பம், இந்தியாவின் போர்ச் சின்னங்களில் புகழ்பெற்றது. 1448இல் முடிந்தது. அதற்கு மிக அருகில் மகாசதி என்று ஓர் இடம் இருக்கிறது, அரச குடும்பத்தின் எரிகாடு. அந்தக் கோட்டையில் 1535லும் 1568லும் பெண்கள் கூட்டமாகத் தீப்புகுந்ததை வரலாறு பதிந்திருக்கிறது. மேலே வெற்றிக்குக் கோபுரம், கீழே சாம்பல். ஆண் வென்றால் கல், தோற்றால் பெண்ணுக்கு நெருப்பு என்ற கணக்கை அந்த ஒரே வளாகத்தில் பார்த்துவிடலாம்.

தஞ்சையும் இதற்கு விலக்கு அல்ல. 1801இல் இறந்த தஞ்சை அரசர் ஒருவரின் நான்கு மனைவியரில் இருவரைப் பிராமணர்கள் தேர்ந்தெடுத்துச் சிதையேற்றினார்கள் என்று பிரெஞ்சுப் பாதிரியார் ஆபே துபுவா எழுதியிருக்கிறார். தேர்ந்தெடுத்தார்கள் என்ற சொல்லில்தான் நான் நின்றுவிடுகிறேன். விரும்பி ஏறினாள் என்று நாம் கேட்டு வளர்ந்த கதைகளுக்கு அடியில் அந்தச் சொல் கிடக்கிறது. சென்னை மாகாணத்தில் உடன்கட்டை சட்டப்படி தடைசெய்யப்பட்டது 1830இல்தான்.

முத்தம்மாள் கேட்டது

இப்போது மீண்டும் மனோரா சாலைக்கு வருகிறேன். தஞ்சாவூரிலிருந்து மனோராவுக்குப் போகும் வழியில் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. அதைக் கட்டியவரும் இதே சரபோஜிதான். 1802ஐ ஒட்டிய கட்டடம். முத்தம்மாள் அவருடைய மணம் செய்யாத துணை. அரசவழக்கில் அதற்குப் பல பெயர்கள் உண்டு, ஒன்றும் மரியாதையான பெயர் அல்ல. அவர் இறக்கும்போது, தன் பெயரில் வழிப்போக்கர்களுக்கு ஒரு சத்திரம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. ஊருக்கே முத்தாம்பாள்புரம் என்று பெயர் வந்தது.

தஞ்சை மராத்தியர் காலச் சத்திரங்கள் பல, ராமேசுவரம் போகும் சேது யாத்திரைப் பாதையில் அமைந்தவை. அவற்றில் பல அரண்மனைப் பெண்களின் பெயரைத் தாங்கியவை. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் இருக்கிறது. வம்சாவளிக் கல்வெட்டில் ஒரு வரி கிடைக்காத பெண்களுக்கு இந்தப் பாதையில் வாசலோடு, கிணற்றோடு, சமையற்கட்டோடு இடம் கிடைத்திருக்கிறது.

சத்திரத்தில் என்ன நடந்தது என்பதற்குச் சரபோஜியே சான்று தருகிறார். உடன்படிக்கைக்குப் பிறகு சத்திரங்களுக்கு விடப்பட்ட நிலங்களைக் கம்பெனி எடுத்துக்கொள்ளுமோ என்ற கவலையில், 1801இல் ரெசிடெண்ட் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் சோறு உண்டு என்கிறார். சமைத்த சோறு உண்ணாதவருக்கு அரிசியும் சாமான்களும். நோயாளிகளுக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும், குணமாகும் வரை கவனிப்பும். வழியில் அநாதையான பிள்ளைகளுக்கு உணவு, துணி, எண்ணெய்க் குளியல், படிப்பு. குழந்தைகளுக்குப் பால். கர்ப்பிணிப் பெண் வந்தால் பிரசவம் பார்த்து, மருந்து கொடுத்து, மூன்று மாதம் வரை தங்க இடம்.

அந்தக் கடைசி ஏற்பாட்டை மறுபடி படியுங்கள். பிள்ளை பெற்றவளுக்கு மூன்று மாதம் இடமும் சோறும். சாதி பார்த்துப் பந்தி பிரித்திருப்பார்கள், அதில் ஐயமில்லை. அரசர் தன் தரும காரியத்தைப் பெரிதுபடுத்தி எழுதியும் இருக்கலாம், நிலம் கேட்டு எழுதும் கடிதம்தானே. அப்படிக் கழித்துப் பார்த்தாலும், பெண்ணின் உடம்புக்கு நடுவழியில் என்ன நேரும் என்று யோசித்த ஓர் ஏற்பாடு அது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, தனியாக யாத்திரை போகிற, கைவிடப்பட்ட, வயிற்றுப் பிள்ளையோடு நடக்கிற பெண்கள் இந்தச் சாலையில் இருந்தார்கள் என்பதற்கும் அதுவே சான்று. இல்லாதவர்களுக்காக யாரும் விதி எழுதுவதில்லை.

ஒரே அரசர், ஒரே சாலை, பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. ஒரு கட்டடம் அவருடைய எசமானர்களின் வெற்றிக்கு. இன்னொன்று ஒரு பெண்ணின் கடைசி விருப்பத்துக்கு. முதலாவதில் ஏறிப் பார்க்கலாம். இரண்டாவதில் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள். பின்னாளில் அதில் மாணவர்கள் தங்கிப் படித்தார்கள். சுற்றுலாக் கையேட்டில் படம் போடுவது மனோராவைத்தான்.

முத்தம்மாளை இலட்சியப் பெண்ணாக்க எனக்கு விருப்பமில்லை. அரசனின் அன்பு இல்லாவிட்டால் அவர் விருப்பம் சுவரேறியிருக்காது. அரண்மனை அந்தப்புரத்தில் பெயரில்லாமல் வாழ்ந்து செத்த எத்தனையோ பெண்களுக்கு அப்படிக் கேட்க ஒரு காது இருக்கவில்லை. ஆனால் தேசிங்கின் ராணியையும் முத்தம்மாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஒருத்தி தன் உடம்பைக் கொடுத்து நினைவைப் பெற்றாள், அதிலும் பெயர் விடுபட்டது. மற்றவள் மனைவி என்ற தகுதிகூட இல்லாமல், பிறர் பசியைச் சொல்லி நினைவைக் கேட்டு வாங்கினாள். பெயரும் நின்றது.

நட்பின் விலை

கல்வெட்டு சொன்ன நட்பு எத்தனை நாள் நின்றது? சரபோஜி 1832இல் இறந்தார். அவர் மகன் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். மகள்கள் இருந்தார்கள். பதினைந்துக்கு மேற்பட்ட மனைவியர் இருந்தார்கள். மகள் வாரிசு இல்லை என்றது கம்பெனி. அரசு முடிந்தது என்று அறிவித்து, 1856இல் படையோடு அரண்மனைக்குள் வந்து சொத்துகளுக்கு முத்திரை வைத்தது. அரசின் சொத்து, தனிச்சொத்து என்று பார்க்கவில்லை. நகை, நிலம் எல்லாம் போயின.

மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். கோஷாவில் இருந்த ஒரு விதவை, கம்பெனியின் மீதே, சென்னை உச்ச நீதிமன்றத்தில். அவருக்காக வாதாடியவர் ஜான் புரூஸ் நார்ட்டன். சென்னை நீதிமன்றம் ராணியின் பக்கம் தீர்ப்பளித்தது. கம்பெனி லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1859இல் அங்கே தீர்ப்பு மாறியது. கம்பெனி செய்தது ஓர் அரசின் இறையாண்மைச் செயல், அது நியாயமா அநியாயமா என்று கேட்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை என்றது பிரிவி கவுன்சில். 1862இல் அரசாங்கம் தனிச்சொத்தை ராணிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது, உரிமையாக அல்ல, சலுகையாக.

சட்டம் படிக்கும் மாணவிகள் இந்த வழக்கை இன்றும் படிக்கிறார்கள். அரசின் செயல் என்ற கோட்பாட்டுக்கு முதல் மேற்கோள்களில் ஒன்று இது. வழக்கின் பெயரில் காமாட்சி பாய் இருக்கிறார். அவர் தோற்ற வழக்காகத்தான் இருக்கிறார். ஆனாலும் எனக்கு மனோராவை விட அந்த வழக்குக் கட்டுதான் பெரிய நினைவுச் சின்னமாகத் தெரிகிறது. மாமனார் ஆங்கிலேயரின் நண்பன் என்று கல்லில் வெட்டினார். அந்த நட்பின் பொருள் என்ன என்று மருமகள் நீதிமன்றத்தில் கேட்டார். பதில் சொல்ல முடியாது என்றது ஆங்கிலேயரின் உச்ச மன்றம்.

ஒரு நாள் நிற்கும் நினைவுச் சின்னம்

போரை வேறு விதமாக நினைக்கவே முடியாதா என்று மாணவிகள் கேட்பதுண்டு. எங்கள் செஞ்சி வட்டாரத்திலேயே விடை இருக்கிறது. கோட்டைக்கு அருகில் உள்ள மேலச்சேரி, திரௌபதி அம்மன் வழிபாட்டின் ஆதிக் கோயிலாகக் கருதப்படுவது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்த வழிபாட்டைப் பற்றிப் பெரிய ஆய்வு செய்திருக்கிறார். எங்கள் ஊர்த் திருவிழாக்களில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். பதினெட்டாம் போரன்று துரியோதனனை மண்ணால் மிகப் பெரிதாகச் செய்து படுக்க வைப்பார்கள். படுகளம் என்று பெயர். பீமன் வந்து தொடையை அடித்து உடைப்பான். திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி.

இதில் வெற்றி முழக்கத்தோடு இன்னொரு குரலும் கேட்கும். தோற்றவன் வீட்டுப் பெண் வந்து ஒப்பாரி வைப்பாள். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வேடம் கட்டியவர் மாரில் அடித்துக்கொண்டு அழும்போது, கூட்டத்தில் இருக்கும் பெண்களும் அழுவார்கள். அவர்கள் அழுவது துரியோதனனுக்காக மட்டும் அல்ல என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எதிரியின் மனைவிக்கும் அழ இடம் கொடுக்கிற போர் நினைவு வேறெங்கே உண்டு? மனோராவில் பிரெஞ்சுச் சிப்பாயின் தாய்க்கு இடம் இல்லை. விஜய ஸ்தம்பத்தில் தோற்றவர் வீட்டுப் பெண்கள் இல்லை. படுகளத்து மண் உருவம் அன்றே உடைகிறது. அந்த மண்ணை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். அடுத்த ஆண்டு மறுபடி செய்கிறார்கள்.

வேடம் கட்டி அழுவது பெரும்பாலும் ஆண் கூத்தர்தான். தீமிதியின் நெருப்பையும் சிதை நெருப்பையும் இணைத்துப் புகழும் பேச்சும் ஊரில் உண்டு. இதையும் கேள்வி கேட்காமல் விட முடியாது. ஆனால் திரௌபதி நெருப்பில் பிறந்தவள், நெருப்பில் முடிந்தவள் அல்ல. அவமானத்துக்குக் கணக்குக் கேட்டவள், கேட்டு வாங்கியவள். எங்கள் ஊர்ப் பெண்கள் கும்பிடுவது அவளை. தேசிங்கின் ராணிக்கு நகரம் கொடுத்தவர் ஒரு நவாப். ஊர்ப் பெண்கள் கோயில் கொடுத்திருப்பது திரௌபதிக்கு.

மனோராவை இடிக்கவோ மறக்கவோ நான் சொல்லவில்லை. பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகள் அதில் ஏறட்டும், கடல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டி ஒரத்தநாட்டிலும் நிற்க வேண்டும். இங்கே ஒரு பெண் பெயரில் பிரசவித்த தாய்மாருக்குச் சோறு போட்டார்கள் என்று ஆசிரியர் சொல்ல வேண்டும். தஞ்சை அரண்மனையில் காமாட்சி பாயின் வழக்கைச் சொல்ல வேண்டும். செஞ்சியில் கல்யாண மகால் முன்னால் நின்று, இங்கே இருந்தவர்கள் பெயர் என்ன என்று ஒரு மாணவியாவது கேட்க வேண்டும். பதில் கிடைக்காது. கேட்டது மற்ற பிள்ளைகளின் காதில் விழும்.